பூனை வீட்டுக்கு ஏர் ப்யூரிஃபையர்: பெட்டியைப் பார்க்கும் முன் அறையை அளந்துவிடுங்கள்

ஏர் ப்யூரிஃபையர் காற்றில் மிதப்பதை மட்டும்தான் பிடிக்கும். மெத்தைக்குள் இருப்பதையோ, சோபா துணியில் ஒட்டியிருப்பதையோ, பூனையின் முதுகில் இருப்பதையோ அது தொடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனாலே பாதி ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடலாம். ஆறாயிரம் ரூபாய் மெஷினிலும் 99.97 சதவீதத் துகளைப் பிடிக்கும் என்று போட்டிருக்கிறது, நாற்பதாயிரம் ரூபாய் மெஷினிலும் அதே எண்தான் போட்டிருக்கிறது. ஆகவே அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வேறு எதை வைத்து முடிவு செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம். உதாரணத்துக்குச் சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு ஃபிளாட், அதில் ஒரு பூனை, அலர்ஜிக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்.

எதற்குத் தும்முகிறீர்கள்?

பூனை வந்த பிறகுதான் தும்மல் வந்தது, அதனால் பூனைதான் காரணம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அலர்ஜி டாக்டரிடம் போனால் ஸ்கின் பிரிக் டெஸ்ட் எடுப்பார்கள். அலர்ஜி தரும் பொருள்களின் சாற்றை முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, லேசாகக் குத்தி, பதினைந்து இருபது நிமிடம் காத்திருந்தால் எந்த இடம் தடித்துச் சிவக்கிறது என்று தெரிந்துவிடும். அலர்ஜியின்போது உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.ஈ. என்ற புரதத்தை ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறவர்களைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெஷின் வாங்க வந்தவரை எதற்கு டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றால், காரணம் எதுவோ அதைப் பொறுத்துத்தான் மெஷின் உதவுமா, பணம் வீணா என்பது இருக்கிறது.

டஸ்ட் மைட் என்கிற தூசிப் பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்று அடிக்கிற ஊர்கள் என்றால் அதற்குக் கொண்டாட்டம்தான். அலர்ஜி தருவது பெரும்பாலும் அதன் கழிவு. அது சற்றே கனமான துகள் என்பதால் பெட்ஷீட்டை உதறும்போது கிளம்பி, சிறிது நேரத்திலேயே கீழே உட்கார்ந்துவிடும். அறை மூலையில் நிற்கிற மெஷின் வரை அது வந்து சேர்வதே அபூர்வம். உங்களுக்கு டஸ்ட் மைட் மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு, ஜிப் வைத்த நெருக்கமான நெசவுள்ள மெத்தை உறையும் தலையணை உறையும் வாங்குங்கள். பெட்ஷீட்டை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கரப்பான்பூச்சி அலர்ஜிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே மெஷினுக்கு முன் கரப்பான் மருந்துக்குத்தான் வேலை.

பூனை விஷயம் வேறு. பலர் நினைப்பது போல முடி காரணம் இல்லை. ஃபெல் டி 1 என்ற புரதம் பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகிறது. பூனை நாளெல்லாம் உடம்பை நக்குகிறது, எச்சில் காய்கிறது, நுண்ணிய செதிலோடு சேர்ந்து காற்றில் கலக்கிறது. அதில் ஒரு கணிசமான பங்கு மிகச் சிறிய துகள், மணிக்கணக்கில் கீழே இறங்காமல் மிதக்கும். துணியில் ஒட்டி, பூனையே இல்லாத ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும். பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்த பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். மிதக்கிற சரக்கு என்பதால் இங்கே ப்யூரிஃபையருக்கு வேலை இருக்கிறது. நாயின் எச்சிலிலும் செதிலிலும் இப்படிப்பட்ட புரதங்கள் உண்டு. முடி உதிராத ஜாதி என்று சொல்லி விற்கிற நாயும் இதற்கு விலக்கில்லை.

பூஞ்சை வித்துகளையும் மெஷின் பிடிக்கும். ஆனால் மழைக்காலத்தில் சுவர் ஓதம் காத்துக் கறுத்துப் போயிருந்தால் முதலில் கூப்பிட வேண்டியது பிளம்பரை. சீமைக்கருவேலம், பார்த்தீனியம் போன்றவற்றின் மகரந்தம் பெரிய துகள். ஜன்னலைச் சாத்தினாலே பெரும்பகுதி வெளியே நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 1998-ல் அமெரிக்காவில் பூனை அலர்ஜி உள்ளவர்களின் வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு ஹெப்பா என்கிற நுண்துகள் ஃபில்டர் வைத்த நிஜ மெஷின், சிலருக்கு டம்மி. நிஜ மெஷின் வைத்த வீடுகளில் காற்றில் மிதந்த பூனைப் புரதம் குறைந்தது. ஆனால் தும்மலிலும் மூக்கடைப்பிலும் இரண்டு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த வீடுகளில் மெத்தை உறை, தலையணை உறை போட்டு, பூனையைப் படுக்கையறைக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஆகவே மெஷினிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வீசிங் உள்ளவர்கள் மெஷின் வந்த மகிழ்ச்சியில் இன்ஹேலரைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

ஜன்னலைச் சாத்த முடியுமா?

விற்பவர்கள் யாரும் கேட்காத கேள்வி இது. நம் வீடுகள் ஜன்னலைத் திறந்து, சீலிங் ஃபேனைப் போட்டு வாழ்வதற்காகக் கட்டியவை. ப்யூரிஃபையரோ மூடிய அறைக்காகச் செய்த பொருள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட்டுவது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற வேலைதான். ஏசி இல்லாத அறையில் மே மாதம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்க யாராலும் முடியாது. அப்படியென்றால் அந்த அறைக்கு மெஷின் வேண்டாம். தினமும் ஈரத்துணியால் துடைப்பது, பூனையைப் படுக்கையறைக்குள் விடாமல் இருப்பது, மெத்தை உறை, இந்த மூன்றும் அந்தப் பணத்தைவிட அதிகம் உதவும்.

ஏசி அறை என்றால் தாராளமாக வாங்கலாம். ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. அதன் வலையில் பெரிய தூசி மட்டுமே நிற்கும். ஆகவே ஏசியும் ப்யூரிஃபையரும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை. ஒன்று மட்டும் கவனம். ப்யூரிஃபையர் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது, புதுக் காற்றையும் உண்டாக்காது. மூடிய அறையில் மூன்று பேர் படுத்தால் விடியும்போது மந்தமாகத்தான் இருக்கும். காலையில் அரை மணி நேரமாவது ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

இதே இடத்தில் புகையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து தீரும்போது வெளியாகும் பி.எம். 2.5 என்கிற நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரு பக்கம் சுருளைக் கொளுத்திவிட்டு மறுபக்கம் ஃபில்டர் வாங்குவதில் அர்த்தமில்லை. கொசுவலையோ ஜன்னல் வலையோ போடுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்ல எனக்கும் தைரியம் வராது. அலர்ஜிக்காரர் படுக்கும் அறைக்கு அதைக் கொண்டு வராமல் பூஜை அறையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாம்.

எந்த அறை?

படுக்கையறை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரே அறையில் ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து மூச்சு விடுவது அங்கேதான். ஹாலில் ஒன்றை வைத்து வீடு முழுக்கச் சுத்தமாகும் என்று நினைத்தால் நடக்காது. கதவுகளைத் தாண்டிப் போய்க் காற்றைப் பிடித்துவரும் சக்தி அதற்கு இல்லை. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பெரிதாக ஒன்று வாங்கி ஹாலில் வைப்பதைவிட, அளவான ஒன்றைப் படுக்கையறையில் வையுங்கள்.

இப்போது கணக்கு

டேப் ஒன்றை எடுத்து அறையை அளங்கள். உயரத்தையும் சேர்த்து. நம் உதாரண அறை 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. 1200 கன அடி, அதாவது சுமார் 34 கனமீட்டர் காற்று. அலர்ஜிக்காரர் அறையில் இந்தக் காற்று முழுவதும் மணிக்கு ஐந்து தடவையாவது ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 34-ஐ 5-ஆல் பெருக்கினால் 170. உங்களுக்கு வேண்டியது மணிக்கு 170 கனமீட்டர்.

இந்த எண்ணை மெஷின் பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்ற பெயரில் தேடுங்கள். ஒரு மணி நேரத்தில் மெஷின் எவ்வளவு சுத்தமான காற்றை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. ஃபில்டரின் திறமையும் ஃபேனின் வேகமும் இரண்டும் சேர்ந்த எண். உலகத்திலேயே சிறந்த ஃபில்டரை வலுவில்லாத ஃபேனுக்குப் பின்னால் வைத்தால் சி.ஏ.டி.ஆர். குறைவாகத்தான் வரும். 99.97 என்ற எண் மறைப்பதை இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். என்னைக் கேட்டால் சி.ஏ.டி.ஆர். போடாத மெஷினை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்கவே வேண்டாம்.

மனக்கணக்காகப் போட ஒரு வழி: பத்தடி உயர அறை என்றால் தரையின் சதுர அடியை 1.4-ஆல் பெருக்குங்கள். 120 சதுர அடிக்கு 168. 300 சதுர அடி ஹாலுக்கு 420. அமெரிக்காவில் அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்கு என்று ஒரு விதி சொல்வார்கள். அது எட்டடி உயரக் கூரைக்கும், நிமிடத்துக்குக் கன அடி என்ற அளவுக்கும் ஆனது. வெளிநாட்டு மாடல்களில் எண் சின்னதாக இருந்தால் பயப்பட வேண்டாம். கன அடிக் கணக்கை 1.7-ஆல் பெருக்கினால் நமக்கு வேண்டிய கனமீட்டர் கணக்கு வந்துவிடும். புகை, தூசி, மகரந்தம் என்று மூன்று எண் தனித்தனியாகக் கொடுத்திருந்தால் புகைக்கான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறிய துகளை வைத்துச் சோதித்தது அதுதான்.

இனி பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் '400 சதுர அடிக்கு ஏற்றது' என்ற வரிக்கு வருவோம். அதே மெஷினின் சி.ஏ.டி.ஆர். 250 என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். பத்தடி உயரமுள்ள 400 சதுர அடி அறையில் சுமார் 113 கனமீட்டர் காற்று இருக்கும். 250-ஐ 113-ஆல் வகுத்தால் மணிக்கு இரண்டு தடவை சொச்சம். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அலர்ஜிக்காரருக்குப் போதாது. முன்பக்க எண்ணைப் பாதியாகக் குறைத்துப் படிக்கப் பழகிக்கொண்டால் கணக்கு ஓரளவு சரியாக வரும்.

அடுத்தது, வாங்கியவர்கள் முதல் இரவிலேயே கண்டுபிடிப்பது. பெட்டியில் போட்டிருக்கும் சி.ஏ.டி.ஆர். மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. முழு வேகத்தில் பல மெஷின்கள் 50 டெசிபலைத் தாண்டும். பக்கத்தில் நின்று பேசினால் குரலைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கலாம். அந்தச் சத்தத்தில் படுக்க முடியாமல் ஸ்லீப் மோடு போடுவீர்கள். ஸ்லீப் மோடில் காற்று கால்வாசி ஆகிவிடலாம். 170 வேண்டிய அறைக்கு 180 மெஷின் வாங்கினால் ராத்திரி கிடைப்பது 45-ஓ 50-ஓதான். ஆகவே வேண்டியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, நம் அறைக்கு 300-லிருந்து 350 வரை, சி.ஏ.டி.ஆர். உள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள். பெரிய மெஷின் மெதுவாக ஓடினால் சத்தமும் குறைவு, காற்றும் போதுமான அளவு. பட்ஜெட்டில் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகப் போட வேண்டிய இடம் இதுதான். வைஃபையோ ஆப்போ வண்ண விளக்கோ இல்லாமல் போனால் போகட்டும்.

பெட்டியில் எழுதியிருக்கும் மற்றவை

ஹெப்பா: அமெரிக்க அளவுகோலில் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பிய அளவுகோலில் ஹெச்13 என்றால் பிடிக்கக் கடினமான அளவுத் துகளில் 99.95 சதவீதம். வீட்டு உபயோகத்துக்கு இரண்டும் ஒன்றே. 0.3-ஐ விடச் சிறியது தப்பிவிடுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். தப்பாது. மிகச் சிறிய துகள் காற்று மூலக்கூறுகளால் இடிபட்டுக் கோணல்மாணலாக அலையும், அதனால் ஃபில்டர் இழையில் சுலபமாக மாட்டிக்கொள்ளும். பிடிக்கக் கஷ்டமானது இடைப்பட்ட 0.3-தான். அதனால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள். 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போன்ற' என்று எழுதியிருந்தால் அது எந்த அளவுகோலும் இல்லை.

கார்பன்: வாசனைக்கும் வாயுக்களுக்கும். அலர்ஜிக்கு இதனால் பிரயோஜனம் இல்லை. பல மெஷின்களில் இருப்பது கார்பன் தூவிய மெல்லிய கறுப்புத் துணி. சீக்கிரம் நிரம்பிவிடும். லிட்டர் பாக்ஸ் (பூனையின் கழிப்பறைப் பெட்டி) நாற்றம் போகும் என்று நம்பி இதற்காக அதிகம் கொடுக்காதீர்கள். பூனை மூத்திரத்தின் அம்மோனியாவைச் சாதாரணக் கார்பன் சரியாகப் பிடிக்காது. தினமும் அள்ளிப் போடுவதுதான் வழி.

அயனைசர், பிளாஸ்மா, ஓசோன்: காற்றில் மின்னேற்றம் செய்யும் அயனைசரும் பிளாஸ்மாவும் ஓசோனையும் வெளிவிடலாம். ஓசோன் மூச்சுக்குழாயை உறுத்தும் வாயு. 'காட்டுக் காற்றின் புத்துணர்ச்சி' என்று விளம்பரம் செய்தாலும் வீசிங் உள்ளவர் இருக்கும் வீட்டில் அதற்கு இடமில்லை. கலிபோர்னியாவில் வீட்டு மெஷின் வெளியிடும் ஓசோன் 0.050 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 0.050 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கிளியோ லவ் பேர்ட்ஸோ வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட மென்மையானது. அயனைசர் இருக்கிற மெஷினாக இருந்தால் அதைத் தனியாக அணைக்க ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

புற ஊதா விளக்கு: காற்று அதைக் கடந்து போகும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. பூனைப் புரதத்தை அது ஒன்றும் செய்யாது. விட்டுவிடுங்கள்.

சென்சாரும் ஆட்டோ மோடும்: இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சமையலறையில் கடுகு தாளித்தால் போதும், ஹாலில் இருக்கும் மெஷின் திரையில் காட்டும் தூசி எண் பன்னிரண்டிலிருந்து எகிறி நூற்றைம்பதைத் தொடும், பச்சை விளக்கு சிவப்பாகும், ஃபேன் அலறும். பார்க்க வேடிக்கைதான். வீட்டில் எல்லோருக்கும் மெஷின் மீது மரியாதையும் வந்துவிடும். ஆனால் அந்தச் சென்சார் பார்ப்பது புகை, பொடித் தூசி போன்ற நுண்துகளின் மொத்த அளவை. அந்தத் துகளில் பூனைப் புரதம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அலர்ஜியைக் கிளப்பப் போதுமான புரதம் மிதந்துகொண்டிருக்கும்போதும் திரையில் 9 என்று காட்டலாம். உடனே ஆட்டோ மோடு 'காற்று சுத்தம்' என்று ஃபேனைக் குறைத்துவிடும். புகைக்கும் போகிப் பண்டிகைக்கும் ஆட்டோ சரி. அலர்ஜிக்கு, நீங்களே ஒரு நடு வேகத்தை வைத்து அப்படியே ஓடவிடுவதுதான் நல்லது.

செல்லப்பிராணி வீட்டுக்கென்று சில

முன்பக்க வலை, அதாவது ப்ரீ ஃபில்டர், தனியாகக் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். பூனை இருக்கும் வீட்டில் இரண்டு வாரம் ஓடிய மெஷினைத் திறந்தால் வலை மீது சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு விரிப்பு இருக்கும். முடியும் தூசியும் பின்னிக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அப்படியே ஒரே தாளாக உரிந்து வரும். வலை கழற்ற முடியாத மாடலில் இதெல்லாம் நேராக ஹெப்பாவின் மடிப்புகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க வழியில்லை. வாரம் ஒரு முறை வலையை வாக்குவம் செய்யுங்கள் அல்லது கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

பூனைக்கு மெஷின் மேல் ஏறி உட்கார மிகவும் பிடிக்கும். டச் பட்டன் மேலே இருக்கும் மாடலில் அது மிதித்தே அணைத்துவிடும். சைல்டு லாக் இருந்தால் தப்பிக்கலாம். மேல்வழியாகக் காற்று விடும் மெஷினின் இடுக்கில் முடி விழும். ஆண்பூனை கருத்தடை செய்யாததாக இருந்தால் புதுப் பொருளைக் கண்டதும் 'இது என்னுடையது' என்று பீய்ச்சியும் வைக்கும். நாய்க்குட்டி வயரைக் கடிக்கும். வயரைச் சுவரோரமாக ஒட்டிவிடுங்கள்.

மெஷினைவிட முக்கியமானது படுக்கையறைக் கதவு. பூனைக்கு அந்த அறை தடை என்பதை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டால் அது பழகிவிடும். பாதியில் ஆரம்பித்தால் ராத்திரி கதவைப் பிராண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் படிந்தது எல்லாம் மறுபடி மேலே கிளம்பும். ஈர மாப் போடுங்கள். கம்பளம், கனத்த திரைச்சீலை இரண்டையும் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பூனையை அலர்ஜி இல்லாத ஒருவர் பால்கனியில் வைத்துச் சீவிவிடட்டும்.

மூன்று வருடச் செலவு

மெஷின் விலையைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் ஃபில்டர். கம்பெனி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் என்று சொல்லும். பிராணி இருக்கும் வீட்டில் ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் பத்தாயிரம், ஃபில்டர் 2,500 என்றால் மூன்று வருடத்தில் ஐந்து தடவை மாற்ற வேண்டும். 12,500 ரூபாய், அதாவது மெஷினைவிட அதிகம். அதனால் மெஷினைத் தேர்ந்தெடுக்கும் முன் அதே மாடலின் ஃபில்டரைத் தனியாகத் தேடிப் பாருங்கள். இன்றைக்குக் கிடைக்கிறதா, என்ன விலை, உங்கள் ஊருக்கு வருமா? ஃபில்டர் கிடைக்காமல் போன மாடல்தான் மிகவும் மலிவாகத் தள்ளுபடியில் வரும். எந்த பிராண்ட் நல்லது என்று இங்கே நான் சொல்லாததற்கும் இதுவே காரணம். சென்னையில் எளிதாகக் கிடைப்பது நாகர்கோவிலில் கிடைக்காமல் இருக்கலாம்.

கம்பெனி அல்லாத மாற்று ஃபில்டர்கள் பாதி விலைக்கு வருகின்றன. சிலது பரவாயில்லை. மாட்டும்போது ஓரத்தில் ஸ்பான்ஞ் பட்டை இறுக்கமாக உட்காருகிறதா பாருங்கள். ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் காற்று ஃபில்டரை விட்டுவிட்டு அந்த வழியாகப் போய்விடும். ஹெப்பாவைத் தண்ணீரில் கழுவாதீர்கள். கழுவலாம் என்று கம்பெனியே எழுதியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 40 வாட் மெஷின் ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட். இரண்டு மாத பில்லில் 24 யூனிட் கூடும்.

கொண்டுவந்த பிறகு

முதலில் மெஷினைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுங்கள். பல மாடல்களில் ஃபில்டர் பாலிதீன் கவருக்குள் இருக்கும். அதைப் பிரிக்காமலேயே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. மெஷின் ஓடும், விளக்கு எரியும், காற்றும் வரும், சுத்தம் மட்டும் ஆகாது.

சுவரிலிருந்தும் கட்டிலிலிருந்தும் ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். திரைச்சீலைக்குப் பின்னாலோ பீரோ இடுக்கிலோ வேண்டாம். காற்று வெளியே வரும் பக்கம் தலைமாட்டை நோக்கி இருந்தால் நல்லது. ஆனால் முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றலாம், அறைக் காற்றைக் கலக்கிவிட உதவும். ஃபேன் இறக்கையில் படிந்த தூசியை மட்டும் முதலில் துடைத்துவிடுங்கள்.

படுப்பதற்கு அரை மணி முன்பே கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு முழு வேகத்தில் ஓட்டுங்கள். மணிக்கு ஐந்து தடவை என்ற அளவிலேயே, புதிதாக எதுவும் கிளம்பாவிட்டால், அரை மணியில் மிதக்கும் துகளில் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிடும். பிறகு நடு வேகத்துக்கு மாற்றிவிட்டு விடியும் வரை விடுங்கள். பெட்ஷீட் மாற்றுவது, உதறுவது எல்லாம் அதற்கு வெகு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் பலன் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, காலையில் எழுந்ததும் தும்மல், மூக்கு, கண் மூன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று ஒரு காலண்டரில் எழுதிக்கொண்டு வருவது. மெஷின் வருவதற்கு ஒரு வாரம் முன்பே எழுத ஆரம்பித்தால்தான் ஒப்பிட முடியும். சென்சார் எண்ணைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். எண்ணெல்லாம் பச்சையாக இருந்தும் மூக்கு அடைத்தபடியே இருந்தால் மெத்தையையும் கதவையும் முதலில் சந்தேகியுங்கள். அவை சரி என்றால் டாக்டரிடம் அந்தக் காலண்டரைக் காட்டுங்கள்.

ஃபில்டர் மாற்றும் நாளில் அந்த வேலையை அலர்ஜிக்காரர் செய்ய வேண்டாம். வேறு யாராவது மாஸ்க் போட்டுக்கொண்டு, மெஷினை அணைத்து, பால்கனிக்குக் கொண்டுபோய்த் திறந்து, பழைய ஃபில்டரைத் தட்டாமல் உதறாமல் அப்படியே பெரிய கவரில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்க்கட்டும். சென்சார் துளையின் கண்ணாடியைக் காய்ந்த காதுக் குச்சியால் ஒரு முறை துடைத்துவிட்டு, புது ஃபில்டரின் ஓரத்தில் மாற்றிய தேதியை மார்க்கரால் எழுதிவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.